தூரத்தோடு போரிட்ட படையணி: 160ஆம் அணியும் வடக்கின் விமானத் தளங்களும்

160ஆம் படையணி, பிரித்தானிய ரோயல் விமானப் படையால் 1942 ஜனவரியில் இங்கிலாந்தின் தர்லி தளத்தில் கனரகக் குண்டுவீச்சு அணியாகத் திரட்டப்பட்டது. 1946 ஒக்டோபர் 1 அன்று அந்த இலக்கம் படைப் பட்டியலிலிருந்து நீங்கியது. இடைப்பட்ட நான்கே முக்கால் ஆண்டுகளில் மூன்று ஆண்டுகளுக்கும் மேல் அதன் இருப்பிடம் இலங்கையே. இரத்மலானை, சிகிரியா, காங்கேசன்துறை, மின்னேரியா ஆகிய தளங்களிலிருந்து அதன் நான்கு இயந்திர லிபரேட்டர் விமானங்கள் வங்காள விரிகுடாவைக் கடந்து நிக்கோபார், சுமாத்திரா, மலாயா, சிங்கப்பூர் வரை பறந்தன. அணியின் சின்னத்தில் வாளேந்திய சிங்கம் பொறிக்கப்பட்டது. குறிக்கோள் வாசகம், தேடித் தாக்குவோம் என்ற பொருளில், சிங்கள மொழியிலேயே அமைந்தது.

வன்னி வாசகருக்குக் குண்டுவீச்சு விமானம் என்றதும் ‘பொம்பர்’, ‘சகடை’, ‘கிபிர்’ என்ற பெயர்களே முதலில் நினைவுக்கு வரும். அவை 1980களுக்கும் அதற்குப் பிந்திய காலத்துக்கும் உரியவை. இங்கே சொல்லப்படுவது அதற்கும் நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய கதை. வவுனியாவில் முதன்முதலாக ஓடுபாதை அமைந்ததும், காங்கேசன்துறைப் பக்கம் கனரகக் குண்டுவீச்சு விமானங்கள் வந்து நின்றதும் இரண்டாம் உலகப் போரின் போதுதான்.

இந்தத் தளங்கள் எல்லாம் ஏன் தோன்றின என்பதை அறிய 1942 ஏப்ரலுக்குப் போக வேண்டும். அவ்வாண்டு பெப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் 8 அன்று ரங்கூன் யப்பானியர் கைக்குப் போனது. மார்ச் 23 அன்று அவர்கள் அந்தமானில் இறங்கினர். ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று, அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அதே நாளில் கோன்வால், டோர்செட்சயர் என்ற இரு குரூசர்கள் நடுக்கடலில் மூழ்கடிக்கப்பட்டன. ஏப்ரல் 9 அன்று திருகோணமலை தாக்கப்பட்டது. அங்கிருந்து விலகிச் சென்ற ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது.

அந்த நாட்களில் யப்பானியக் கடற்படையை எதிர்த்துத் தாக்க இலங்கையில் இருந்த குண்டுவீச்சு விமானங்கள், 11ஆம் படையணியின் இரட்டை இயந்திர பிளெனிம்கள் மட்டுமே. கொழும்பு குதிரைப் பந்தயத் திடலையே ஓடுபாதையாகக் கொண்டிருந்த அவை ஏப்ரல் 9 அன்று நகுமோவின் கப்பல்களைத் தேடிப் போயின. ஒன்பது விமானங்கள் கப்பல்களைக் கண்டு தாக்கின. அக்காகி என்ற தலைமைக் கப்பலுக்கு அருகே குண்டுகள் விழுந்தன, ஒன்றும் படவில்லை. ஒன்பதில் ஐந்து திரும்பி வரவில்லை. அதற்கு முந்திய வாரம், ஏப்ரல் 4 அன்று, கொக்கலையிலிருந்து பறந்த கனேடியக் கற்றலினா விமானமொன்றே யப்பானியக் கப்பல்களைக் கண்டு கொழும்புக்கு அறிவித்தது. அதன் விமானி லெனார்ட் பேர்ச்சோலும் அவரது குழுவினரும் சுட்டு வீழ்த்தப்பட்டு, தப்பியவர்கள் சிறைப்பிடிக்கப்பட்டனர். நீண்ட தூரம் பறந்து தேடும் கண் தீவுக்கு இல்லை, கண்டதைத் தாக்கும் கையும் இல்லை என்பதை அந்த ஐந்து நாட்கள் காட்டிவிட்டன. அடுத்த மூன்று ஆண்டுகளில் நடந்தவற்றை இந்தக் குறைகளைத் தீர்க்கும் முயற்சியாகவே பார்க்க வேண்டும்.

தளங்கள் கடற்கரையில் மட்டும் இருந்தால் கப்பல்களிலிருந்து வரும் தாக்குதலுக்கு நேரே இரையாகும். ஆகவே தீவின் உட்பகுதியில், உலர் வலயத்தின் காடுகளுக்குள், புதிய ஓடுபாதைகள் வெட்டப்பட்டன. மின்னேரியா, சிகிரியா, வவுனியா ஆகியவை அவ்வாறு பிறந்தவை. வன்னி இதற்கு வாய்ப்பான நிலம். தரை பெரும்பாலும் சமம். சுற்றிலும் மலை இல்லாததால் பாரத்தோடு எழும் விமானத்துக்கு இடைஞ்சல் குறைவு. கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை செல்லும் வடபகுதி ரயில் பாதையும், கண்டி வீதியும் வவுனியாவை ஊடறுத்துப் போகின்றன. எரிபொருள், குண்டு, இயந்திர உதிரிகள், ஆட்கள் எல்லாவற்றையும் அந்தப் பாதையிலேயே கொண்டு வரலாம். வவுனியாவிலிருந்து திருகோணமலைத் துறைமுகம் ஏறத்தாழ 80 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. கடற்படைத் தளத்தைக் காக்கும் விமானங்களுக்கு அது சில நிமிடப் பறப்பு.

நிலம் வாய்ப்பாக இருந்தாலும் வாழ்க்கை அப்படி இருக்கவில்லை. அக்கால வன்னியில் மலேரியாக் காய்ச்சல் ஆண்டு முழுவதும் ஆட்களைப் படுக்கையில் போட்டது. குளங்களின் நீர்ப்பரப்பும், மாரி மழை தேங்கும் பள்ளங்களும் நுளம்பு பெருக இடம் கொடுத்தன. உலகின் குயினைனில் பெரும்பங்கு ஜாவாவிலிருந்தே வந்துகொண்டிருந்தது; ஜாவா யப்பானியர் வசமானதும் அந்த வழி அடைபட்டது. படையினர் மெப்பக்கிரின் என்ற செயற்கை மருந்தை விழுங்கினர். தோலை மஞ்சளாக்கும் மருந்து அது. பர்மா அரிசியும் அதே ஆண்டில் நின்றுபோனதால் இலங்கை முழுவதும் பங்கீடு வந்தது. வன்னியின் வயல்களுக்கும் குளங்களுக்கும் அரசாங்கத்தின் கவனம் திரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம். ஓடுபாதையும் நெல்லும் ஒரே நெருக்கடியின் இரு விளைவுகள்.

வவுனியாத் தளத்துக்கு 1943 பெப்ரவரியில் இரண்டு படையணிகள் வந்து சேர்ந்தன: 22ஆம் அணியும் 217ஆம் அணியும். இரண்டும் பிறிஸ்டல் போபோர்ட் விமானங்களைக் கொண்டவை. இரட்டை இயந்திரம், நான்கு பேர் குழு, வயிற்றில் ஒரு டோர்பிடோ. கடல் மட்டத்தை ஒட்டித் தாழப் பறந்து, கப்பலின் பக்கவாட்டை நோக்கி டோர்பிடோவை விடுவதே அவற்றின் தொழில். 22ஆம் அணியின் கெனத் கம்பெல், 1941 ஏப்ரலில் பிரான்சின் பிரெஸ்ட் துறைமுகத்தில் ஜேர்மன் போர்க்கப்பல் நெய்செனாவைத் தாக்கி உயிரிழந்து விக்டோரியாச் சிலுவை பெற்றவர். 217ஆம் அணி மால்டாவில் கடும் போரைப் பார்த்துவிட்டு வந்தது. இத்தகைய அனுபவம் கொண்ட இரு அணிகள் வவுனியாவில் காத்திருந்தது, யப்பானியக் கப்பல்கள் மீண்டும் வந்தால் தாக்குவதற்காக.

கப்பல்கள் வரவில்லை. 1942 ஜூனில் மிட்வே சண்டையில் நகுமோவின் நான்கு பெரிய விமானந்தாங்கிகள் மூழ்கியதோடு இந்து சமுத்திரத்துக்கு இன்னொரு பெரும்படை வரும் வாய்ப்பு ஏறக்குறைய இல்லாமல் போயிற்று. போபோர்ட்கள் கப்பல் தொடர்களுக்குக் காவலாகப் பறந்தன, நீர்மூழ்கிகளைத் தேடின, ஒத்திகை நடத்தின. 1944இல் இரு அணிகளும் போபைட்டர் விமானங்களுக்கு மாறின. அவ்வாண்டு இறுதியில் 22ஆம் அணி பர்மாப் போர்முனைக்குப் போயிற்று. இரவுக் காவலுக்கு வந்த 89ஆம் அணியின் போபைட்டர்களும், பின்னர் ஸ்பிற்பயர்களும் வவுனியா ஓடுபாதையைப் பயன்படுத்தின. ஒரு துப்பாக்கிச் சூடும் இல்லாமல் காவல் முடிந்தது என்று இந்தக் காலத்தைக் குறைத்து மதிப்பிடுவது சரியல்ல. கல்கத்தா, சென்னை, கொழும்பு, ஏடன் இடையே ஓடிய கப்பல்களின் பாதுகாப்பு அந்த அன்றாடப் பறப்புகளில் தங்கியிருந்தது.

எனினும் போபோர்ட் எட்டக்கூடிய தூரத்துக்கு எல்லை உண்டு. திருகோணமலைக் கரையிலிருந்து கார் நிக்கோபார் ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர். சுமாத்திராவின் வடமுனையிலுள்ள சபாங் துறைமுகம் ஏறத்தாழ 1,550 கிலோமீற்றர். எதிரி அந்த இடங்களில் என்ன செய்கிறான் என்று போய்ப் பார்த்துத் திரும்ப வேண்டுமானால் 2,600 முதல் 3,100 கிலோமீற்றர் வரை நிற்காமல் பறக்க வேண்டும். கற்றலினாவால் அவ்வளவு தூரம் போக முடியும். ஆனால் வேகம் மிகக் குறைவு. எதிரியின் விமானத் தளத்துக்கு மேலே பகலில் அது போய் நின்றால் திரும்பி வருவது அரிது. 160ஆம் அணி இலங்கைக்கு அழைக்கப்பட்டதன் காரணம் இந்தக் கணக்குத்தான்.

அந்த அணி இலங்கைக்கு வந்த வழி சிக்கலானது. தரைப் பணியாளர்கள் 1942 தொடக்கத்திலேயே கப்பலேறி இந்தியாவுக்குப் புறப்பட்டுவிட்டனர். விமானக் குழுவினர் பின்தங்கி லிபரேட்டரில் பயிற்சி பெற்று, வட அயர்லாந்தின் நட்ஸ் கோனர் தளத்திலிருந்து சில வாரம் அத்திலாந்திக்கில் நீர்மூழ்கிக் காவல் செய்தனர். ஜூனில் அவர்களும் கிழக்கே புறப்பட்டபோது மத்திய கிழக்கில் நிறுத்திக்கொள்ளப்பட்டனர். மால்டாவுக்குப் போன கப்பல் தொடருக்கு உதவியாகப் பறந்தபின், பலஸ்தீனத்திலிருந்து வட ஆபிரிக்கத் துறைமுகங்கள் மீது குண்டு வீசுவதில் அவர்களின் ஆண்டு கழிந்தது. டோப்ருக், பெங்காசி ஆகியவை அவர்களின் இலக்குகள். 1943 ஜனவரியில் அந்தப் பிரிவு 178ஆம் படையணி என்று புதிய இலக்கம் பெற்று அங்கேயே தங்கிவிட்டது. இந்தியாவில் விமானமில்லாமல் காத்திருந்த தரைப் பணியாளருக்குப் புதிய விமானங்களும் புதிய குழுக்களும் வந்தன. 1943 பெப்ரவரியில் இரத்மலானையில் 160ஆம் அணி மறுபடி உருப்பெற்றது. கனரகக் குண்டுவீச்சு அணி என்ற முறையில் அதன் வாழ்வு மத்திய தரைக்கடலோடு முடிந்தது. இலங்கையில் அதே வகை விமானம் வேறு வேலைக்கு வந்தது.

லிபரேட்டர் அமெரிக்காவின் கொன்சொலிடேட்டட் நிறுவனம் வடிவமைத்த விமானம். இறக்கை அகலம் 110 அடி. ஒவ்வொன்றும் 1,200 குதிரைவலு கொண்ட நான்கு இயந்திரங்கள். போர்க்காலத்தில் 18,000க்கு மேற்பட்டவை கட்டப்பட்டன; வேறெந்தக் கனரகக் குண்டுவீச்சு விமானமும் அந்த எண்ணிக்கையை எட்டவில்லை. அதன் சிறப்பு இறக்கையில் இருந்தது. நீண்டு ஒடுங்கிய, தடித்த குறுக்குவெட்டுக் கொண்ட அந்த இறக்கை குறைந்த எரிபொருளில் அதிக தூரம் கொண்டுபோகும். உள்ளே எரிபொருள் தாங்கிகள் வைக்கவும் இடம் தரும். சாதாரணமாக ஏறத்தாழ 9,000 லீற்றர் கொள்ளும். குண்டுகள் தொங்கும் அறையிலும் தாங்கிகளைப் பொருத்தினால் தூரம் இன்னும் கூடும். குண்டு குறையக் குறையத் தூரம் கூடும் என்ற இந்தப் பேரம் 160ஆம் அணியின் ஒவ்வொரு பறப்பையும் தீர்மானித்தது. பல பறப்புகளில் விமானம் சுமந்துசென்ற மிகப்பெரிய பாரம் அதன் சொந்த எரிபொருளே.

அந்தப் பாரத்தோடு எழுவதே முதல் ஆபத்து. வெப்பமான காற்று அடர்த்தி குறைந்தது. இறக்கைக்கு உயர்வு குறைவாகவே கிடைக்கும், இயந்திரமும் முழு வலுத் தராது. உலர் வலயத்தின் நண்பகல் வெயிலில் எல்லை மீறிய பாரத்துடன் ஓடுபாதையின் கடைசிக் கெஜம் வரை ஓடித்தான் லிபரேட்டர் தரையை விட்டது. அந்தக் கணத்தில் ஒரு இயந்திரம் தவறினாலும் மீட்சி அரிது.

1943 ஓகஸ்டில் அணி சிகிரியாவுக்கு மாறியது. கடற்காவலோடு சேர்த்து, அங்கிருந்து அது செய்த மிக முக்கியமான பணி படம் பிடித்தல். தென்கிழக்காசியக் கட்டளைப் பீடம் வட சுமாத்திராவில் படை இறக்குவதற்குத் திட்டம் தீட்டிக்கொண்டிருந்தது. ‘கல்வெரின்’ என்று அதற்குப் பெயர். கையில் இருந்த வரைபடங்கள் பழையவை. எந்தக் கரையில் படகு ஒதுங்கும், எங்கே சதுப்பு, யப்பானியர் எங்கே புதிய ஓடுபாதை போட்டிருக்கின்றனர் என்பவை தெரியாமல் படை இறக்க முடியாது. லிபரேட்டரின் வயிற்றில் கமராக்கள் பொருத்தப்பட்டன. ஒரே உயரத்தில், ஒரே திசையில், ஒரே வேகத்தில் பறந்து, ஒரு படம் அடுத்ததன் மேல் பாதிக்கு மேல் படியுமாறு வரிசையாக எடுக்க வேண்டும். அப்படி எடுத்த இரண்டு படங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் மேடும் பள்ளமும் தெரியும். கீழிருந்து சுடுபவனுக்கு இதைவிட வசதியான இலக்கு இல்லை. காவல் விமானம் ஏதும் அவ்வளவு தூரம் உடன் வர முடியாது. சபாங்கிலும் நிக்கோபாரிலும் யப்பானியப் போர் விமானங்கள் இருந்தன. சில லிபரேட்டர்கள் திரும்பவில்லை. அவற்றில் இருந்தோரில் பிரித்தானியரோடு கனேடியர், அவுஸ்திரேலியர், நியூசிலாந்தினரும் அடங்குவர். தென்கிழக்காசிய வானில் காணாமற்போன, கல்லறை இல்லாத பொதுநலவாய விமானப்படையினரின் பெயர்கள் சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவிடத்தில் பொறிக்கப்பட்டுள்ளன.

கல்வெரின் நடைபெறவில்லை. இறங்குகலங்கள் ஐரோப்பாவுக்குத் தேவைப்பட்டதால் திட்டம் கைவிடப்பட்டது. ஆயினும் அந்தப் படங்கள் வீண் போகவில்லை. 1944 ஏப்ரல் 19 அன்று பிரித்தானிய இலஸ்ட்ரியஸ், அமெரிக்க சரட்டோகா ஆகிய விமானந்தாங்கிகள் சபாங்கைத் தாக்கின. அதன்பின் நிக்கோபார், சுமாத்திரா மீது நடந்த தாக்குதல்களுக்கும் முன்கூட்டியே கிடைத்த வான்படங்கள் வழிகாட்டின.

எதிரியைவிடப் பெரிய பகையாக வானிலை இருந்தது. மே மாதம் தொடக்கம் செப்டெம்பர் வரை சோழகக் காற்று தென்மேற்கிலிருந்து வீசும். கிழக்கே போகும்போது அது முதுகில் தள்ளும். களைத்து, எரிபொருள் குறைந்து திரும்பும்போது முகத்தில் மோதும். போகும்போது கிடைத்த இலாபத்தை நம்பி அதிக தூரம் போனவர் திரும்பும் வழியில் கடலில் இறங்க நேரும். வருட இறுதியில் வாடைக்காற்றோடு வரும் புயல்கள் வங்காள விரிகுடா முழுவதையும் மூடும். வழிகாட்டி அதிகாரி இரவில் நட்சத்திரங்களைச் செக்ஸ்டன்ட் கருவியால் அளந்து இடத்தைக் குறிப்பார். முகில் மூடினால் வேகம், திசை, நேரம் மூன்றையும் வைத்துக் கணக்கிட வேண்டும். பதினைந்து மணி நேரத்தின் பின் இலங்கையின் கரை சரியான இடத்தில் தென்படுவது அந்தக் கணக்கின் வெற்றி.

1944 ஓகஸ்டில் இரண்டு நிகழ்வுகள் நடந்தன. மாதத் தொடக்கத்தில் 160ஆம் அணி சிகிரியாவை விட்டுக் காங்கேசன்துறைக்கு, அதாவது இன்றைய பலாலி விமானத் தளத்துக்கு, வந்தது. ஓகஸ்ட் 10 அன்று மாலை திருகோணமலையின் சீனக்குடாவிலிருந்து அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள் 54 புறப்பட்டன. அவை சுமாத்திராவின் தென்பகுதியிலுள்ள பலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தை நோக்கிப் பறந்தன. அதற்காகவே சீனக்குடா ஓடுபாதை 7,200 அடிக்கு நீட்டப்பட்டிருந்தது. 39 விமானங்கள் இலக்கை எட்டின. சில மூசி ஆற்றில் கண்ணி வைத்தன. போய்வந்த தூரம் 6,000 கிலோமீற்றருக்கு மேல். போர்க்காலக் குண்டுவீச்சுப் பறப்புகளில் மிக நீண்டவற்றுள் அது ஒன்று. ஆனால் சேதம் எதிர்பார்த்த அளவு இல்லை. பி-29கள் அந்தத் தளத்தை மறுபடி பயன்படுத்தவில்லை. ஒரே இரவின் பெரும் முயற்சியைவிட, வாரந்தோறும் இரண்டு மூன்றாகப் போய்வந்த லிபரேட்டர்களின் பணி இலங்கையின் போர் வரலாற்றில் கூடிய எடை உடையது என்பதே பொருத்தமான மதிப்பீடு.

காங்கேசன்துறைக்கு ஆட்களும் சாமான்களும் ரயிலில் வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு வழியாகவே போயாக வேண்டும். வன்னியின் சிறு நிலையங்களைத் தாண்டி இராணுவச் சரக்கு ஓடிய காலம் அது. அங்கிருந்து எழுந்த விமானங்கள் போன திசையில் வடக்கின் மக்களுக்குச் சொந்தமான இன்னொரு கவலையும் இருந்தது. யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பல இரண்டு மூன்று தலைமுறையாக மலாயாவில் எழுதுவினைஞர், ரயில்வே ஊழியர், நில அளவையாளர் என்று வேலை பார்த்துவந்தன. ஊரில் இருந்த ‘மலாயன் பென்சன்காரர்’ வீடுகளுக்கு அங்கிருந்தே பணம் வந்தது. சிங்கப்பூர் வீழ்ந்த நாளிலிருந்து மூன்றரை ஆண்டுகள் கடிதமும் இல்லை, காசும் இல்லை. இறப்பர்த் தோட்டங்களில் பால் வடித்துக்கொண்டிருந்த தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு மாண்டனர். இந்தத் துயரம் முழுவதும் வெளியே தெரியாத ஒரு மூடிய நிலமாக மலாயா இருந்தது. அதை எட்டிப் பார்க்க முடிந்தவை நீர்மூழ்கிகளும் இந்த நீள்தூர விமானங்களும் மட்டுமே.

1945 பெப்ரவரியில் 160ஆம் அணி மின்னேரியாவுக்குப் போக, காங்கேசன்துறைக்கு 203ஆம் அணி வந்தது. அதுவும் லிபரேட்டர் அணி. மதுரையில் பழைய விமானங்களை விட்டு லிபரேட்டருக்கு மாறி, பாக்கு நீரிணையைக் கடந்து வந்தது. சென்னையின் பரங்கிமலைத் தளத்தில் 200ஆம் லிபரேட்டர் அணி இருந்தது. அதன் விமானங்களும் ஆட்களும் 1945 மே மாதத்தில் 8ஆம் அணி என்ற இலக்கம் பெற்று மின்னேரியாவுக்கு வந்தன. தமிழ்நாட்டுத் தளங்களும் இலங்கைத் தளங்களும் ஒரே வலையாக இயங்கின.

1945 ஜனவரியில் 160ஆம் அணிக்குப் புதிய பணி தொடங்கியிருந்தது: கடற்கண்ணி வைத்தல். பர்மா–தாய்லாந்து எல்லையிலுள்ள பாக்சான் ஆற்று முகத்துவாரம் முதல் இலக்குகளில் ஒன்று. யப்பானியர் பர்மாவுக்குச் சாமான் அனுப்பச் சிறு கப்பல்களையே நம்பியிருந்தனர். ஆற்றுவாயிலும் துறைமுக வாயிலிலும் கண்ணி இருந்தால் அந்தக் கப்பல்கள் நின்றுவிடும். இரவில், சில நூறு அடி உயரத்தில், குறித்த இடத்தில் பரசூட்டோடு கண்ணியை இறக்க வேண்டும். இடம் சற்றுத் தவறினாலும் பயனில்லை. மார்ச் இறுதியில் அணியின் லிபரேட்டர்கள் சிங்கப்பூர்க் கடல்வழியிலேயே கண்ணி இட்டன. போய்வரத் தூரம் 5,000 கிலோமீற்றருக்கு மேல். பறப்பு நேரம் 20 மணிக்கும் மேல். அணியின் தலைவர் விங் கொமாண்டர் ஜே. என். ஸ்டேசி இந்தப் பணிக்காக உயர் விருது பெற்றார். ஒரு விமானத்தில் சில கண்ணிகளே போயின. ஆனால் துறைமுகத்தின் வாயிலில் கப்பல்கள் கண்ணி அகற்றும் வரை காத்து நிற்க வேண்டியதாயிற்று.

ஆண்டின் நடுப்பகுதியில் பணி மறுபடி மாறியது. மலாயாக் காடுகளில் யப்பானியருக்கு எதிராக இயங்கிய கெரில்லாக்களோடு சேர்ந்து வேலை செய்யப் பிரித்தானியரின் 136ஆம் இரகசியப் பிரிவு ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது. ஆட்கள், துப்பாக்கி, வானொலிப் பெட்டி, மருந்து, உணவு எல்லாம் பரசூட்டில் போக வேண்டும். காட்டுக்குள் ஒரு சிறு வெளி, அங்கே மூட்டிய தீ அல்லது கைவிளக்கின் சைகை. அதைத் தேடிக் கண்டு, தாழ இறங்கி, இரண்டு மூன்று முறை சுற்றி இறக்க வேண்டும். மலைமேல் முகில் மூடியிருந்தால் எல்லாவற்றையும் சுமந்தபடி திரும்ப வேண்டும். அப்படி வெறுங்கையோடு திரும்பிய பறப்புகள் பல. 1945 ஜூலை 31 அன்று ஜோகூருக்குப் புறப்பட்ட 160ஆம் அணியின் விமானமொன்று 24 மணி 10 நிமிடம் வானில் நின்று திரும்பியது. லிபரேட்டர் செய்த போர்ப் பறப்புகளில் மிக நீண்டதாக அது குறிக்கப்படுகிறது. நான்கு இயந்திரங்களும் ஒரு நாள் முழுதும் ஓயாமல் ஓடின என்பது விமானிகளின் திறமையோடு, மின்னேரியாவின் புழுதியிலும் வெயிலிலும் அவற்றைப் பராமரித்த தரைப் பணியாளரின் உழைப்புக்கும் சான்று. படைவரலாறுகளில் அவர்களுக்கு ஒரு வரி கிடைப்பதே அரிது.

ஓகஸ்ட் 15 அன்று யப்பான் சரணடைந்தது. மலாயா, சுமாத்திரா எங்கும் சிறைமுகாம்களில் பல்லாயிரம் போர்க்கைதிகளும் பொதுமக்களும் பட்டினியோடு இருந்தனர். அவர்களில் பலருக்குப் போர் முடிந்ததே தெரியாது. மாத இறுதியில் லிபரேட்டர்கள் முதலில் துண்டுப் பிரசுரங்களை வீசின. பின்னர் ‘மாஸ்டிப்’ என்ற நடவடிக்கையில் உணவும் மருந்தும் உடுப்பும் இறக்கின. கண்ணி வைத்த அதே குழுக்கள், அதே குண்டறைகள். செப்டெம்பர் 12 அன்று சிங்கப்பூரில் முறைப்படி சரணடைவு நடந்தது. சிறிது காலத்தில் மலாயாவிலிருந்து வடக்கின் வீடுகளுக்கு மறுபடியும் கடிதம் வரத் தொடங்கியது.

போர் முடிந்தபின் 160ஆம் அணி மறுபடி காங்கேசன்துறைக்கு வந்து, ஆட்களையும் சாமான்களையும் ஏற்றி இறக்கும் பணியில் ஈடுபட்டது. லிபரேட்டர்கள் அமெரிக்கா கடன்–குத்தகை ஒப்பந்தத்தில் கொடுத்தவை. போர் முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது அழிக்க வேண்டும். 1946 ஜூனில் அணி ஸ்கொட்லாந்தின் லூக்கர்ஸ் தளத்துக்குப் போய் லங்காஸ்டர் விமானங்களைப் பெற்றது. ஒக்டோபரில் அதற்கு 120ஆம் அணி என்ற இலக்கம் இடப்பட்டது.

கைவிடப்பட்ட லிபரேட்டர்களின் கதை இந்தியாவில் தொடர்ந்தது. கான்பூரில் உடைத்துப் போடப்பட்டிருந்தவற்றை இந்துஸ்தான் எயர்கிராப்ட் நிறுவனம் பழுதுபார்த்தது. அதன் சோதனை விமானி ஜாம்ஷெட் முன்ஷி அவற்றை ஒவ்வொன்றாக பெங்களூருக்குப் பறந்து கொண்டுவந்தார். 1948 நவம்பர் 2 அன்று அந்த விமானங்களைக் கொண்டு இந்திய விமானப்படையின் 5ஆம் அணி தொடங்கியது. சுதந்திர இந்தியாவின் முதல் கனரகக் குண்டுவீச்சு அணி அது. பின்னர் 6ஆம் அணி கடற்காவலுக்கு லிபரேட்டரைப் பயன்படுத்தியது. 1968 வரை அவை பறந்தன. இலங்கை விமானப்படை 1951 மார்ச் 2 அன்று உருவானது; அதற்கு இத்தகைய அணி எக்காலத்திலும் இருக்கவில்லை.

வடக்கில் எஞ்சியவை ஓடுபாதைகள். காங்கேசன்துறைத் தளம் 1947 டிசெம்பர் 10 அன்று எயார் சிலோனின் முதற் பறப்புக்கு இடைத்தரிப்பு ஆயிற்று: இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு ஒரு டகோட்டா. பின்னர் அது பலாலி என்ற பெயரில் பல ஆண்டுகள் இராணுவத் தளமாக இருந்து, 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. வவுனியா ஓடுபாதை உள்நாட்டுப் போர்க்காலத்தில் இலங்கை விமானப்படையின் முக்கிய தளங்களில் ஒன்றாயிற்று. 2008 செப்டெம்பர் 9 அன்று விடுதலைப் புலிகள் வவுனியாவின் வன்னிப் படைத் தலைமையகத்தின் மீது தரையிலிருந்தும் வானிலிருந்தும் தாக்குதல் நடத்தினர். அங்கிருந்த ராடர் நிலையமும் அவர்களின் இலக்காக இருந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் காடு வெட்டிப் போட்ட அந்த ஓடுபாதை இன்றும் விமானப்படையின் பயன்பாட்டில் இருக்கிறது.